எங்கள் கடைப் போர்டு இறங்கிய நாள்

செஞ்சி காந்தி பஜாரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், காஸ்பர் முன்கோபக்காரன் என்றுதான் சொல்வார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஆசிட்டோடு குடும்பம் நடத்துகிறவன் பின்னே எப்படி இருப்பான்? என்னிடம் ஓட்டை இல்லாத சட்டை என்று ஒன்று கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளைச் சட்டையைத் தவிர. லாரி பேட்டரி, டிராக்டர் பேட்டரி, கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் பேட்டரி என்று இந்த வட்டாரத்தில் நான் தூக்காத பேட்டரி இல்லை. இடுப்பு போனது அதில்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது என் கதை இல்லை. என் மனைவி ரோஸ்மேரியின் கதை. அவளைக் கேட்டால் "வேற வேலை இல்லியா உங்களுக்கு" என்று போய்விடுவாள். அதனால் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரோஸ்மேரி வல்லம் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் குடும்பத்துப் பெண். பிளஸ் டூவில் பிசிக்ஸில் நல்ல மார்க். மேலே படிக்க வைக்க ஆள் இல்லை, எனக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். கொரோனா வந்து வண்டிகள் எல்லாம் நின்று, என் கடை ஷட்டர் இறங்கிக் கிடந்தபோது, அவள்தான் வேலைக்குப் போனாள். செய்யாறு பக்கம் லித்தியம் பேட்டரி கட்டும் ஒரு கம்பெனி. விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவாள். அங்கே முதலில் செல் பொறுக்கும் வேலை. நூறு செல்லை வரிசையாக வைத்து, ஒரே மாதிரி இருக்கிறவற்றை ஜோடி சேர்க்க வேண்டும். பிறகு அவற்றைச் சேர்த்துப் பேட்டரியாகக் கட்டும் வேலை. மூன்றாவது வருடம் அவள் கையில் இருபது பெண்கள் இருந்தார்கள். அந்த வருடக் கடைசியில் ஒருநாள் வந்து, "நான் வேலையில இருந்து நின்னுட்டேன்" என்றாள்.

"இன்னாத்துக்கு?"

"நம்ம கடையில பாதி எனக்கு வேணும். லித்தியம் பேட்டரி கட்டப் போறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். அன்றைக்குச் சோறு குழைந்து போயிருந்தது, குறை சொல்லாமல் தின்றேன்.

அவள் பாதி என்று கேட்டது பெயருக்கு. ஒரு மாதத்தில் முக்கால் கடையை எடுத்துக்கொண்டாள். ஆசிட் கேன்களைப் பின்பக்கம் ஷெட்டுக்குத் தள்ளினாள். முன்னால் ஒரு மேசை, அதன் மேல் ரப்பர் விரிப்பு. அந்த மேசைக்கு அருகில் வருகிறவர் யாராக இருந்தாலும் மோதிரம், வாட்ச், அரைஞாண் முதற்கொண்டு கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். அவளும் வளையலைக் கழற்றி டப்பாவில் போடுவாள். தாலிச் செயினை ஜாக்கெட்டுக்குள் விட்டுப் பின் குத்திக்கொள்வாள். உலோகம் பட்டால் ஆபத்தாம். பங்குச் சாமியார் கடையை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்தபோதுகூட, தீர்த்தத்தைக் கடை வாசலோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டாள். "ஃபாதர், ஜெபம் மட்டும் போதும், தண்ணி வேணாம்." எனக்கு மானமே போய்விட்டது. ஆனால் சாமியார் சிரித்துக்கொண்டே ஜெபம் செய்தார்.

இந்த லித்தியம் பேட்டரிக்குள் ஒரு சின்ன சர்க்யூட் போர்டு இருக்கிறது. அதற்கு ஆங்கிலத்தில் மூன்றெழுத்துப் பெயர். ரோஸ்மேரி அதை வாட்ச்மேன் என்பாள். சார்ஜ் ஏறி முடிந்தால் கேட்டை மூடும், அதாவது கரண்டை நிறுத்தும், இறங்கிப்போனால் மூடும், எங்காவது ஷார்ட் ஆனால் கண் இமைக்கும் நேரத்தில் மூடும். "உங்க ஆசிட் பேட்டரி பாவம், எவன் இன்னா பண்ணாலும் வாங்கிக்கும். இதுக்குள்ள ஆளு இருக்குது" என்று என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். நான் தலையை ஆட்டுவேன். காதில் வாங்க மாட்டேன்.

என்னுடைய பழக்கம் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். நான் பேட்டரிக்கு மீட்டர் வைத்துப் பார்க்கிறவன் இல்லை. சட்டைப் பையில் ஒரு சாண் நீள ஒயர் வைத்திருப்பேன். இரண்டு டெர்மினலையும் அந்த ஒயரால் ஒரு உரசு உரசினால் பொறி பறக்கும். பொறி நீலமா, சிவப்பா, சத்தம் பட்டென்று வருகிறதா, புஸ்ஸென்று போகிறதா, அதை வைத்தே பேட்டரிக்கு ஆயுசு எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். வட்டாரத்தில் ஆசிட் பேட்டரி வேலை செய்கிற எல்லோரும் இப்படித்தான். கை தானாகப் பைக்குப் போகும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் எட்டுப் பேட்டரி ஆட்டோக்கள் நின்றன. கோட்டை பார்க்க வருகிறவர்களை ஏற்றிப் போவதும், சுற்று ஊர்களுக்கு ஓடுவதும்தான் பிழைப்பு. எட்டிலும் ஆசிட் பேட்டரி, சீட்டுக்கு அடியில் நாலு நாலு, ஒவ்வொன்றும் சிமெண்ட் மூட்டையில் பாதி கனம். வருடம் திரும்புவதற்குள் படுத்துவிடும். பச்சைமுத்து என்கிற டிரைவர் பாடு ரொம்ப மோசம். கோட்டை மேட்டில் வண்டி முக்கும், உள்ளே இருக்கிறவர்கள் இறங்கித் தள்ளுவார்கள். வெளியூர்க்காரர்கள் அதை வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். பாவம், ஒரு வாரம் அவன் தலை காட்டவில்லை.

ஸ்டாண்டுக்குத் தலைவர் செந்தமிழன். அறுபதை நெருங்குகிறவர், நாலு பேர் மதிக்கிற மனிதர். எட்டு வண்டியையும் விழுப்புரத்துக்கு ஓட்டிப்போய் அங்கே பெரிய கடையில் லித்தியம் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்திருந்தார். இது தெரிந்ததும் ரோஸ்மேரி நேராக ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணே, உள்ளூர்ல நான் இருக்கும்போது எதுக்கு விழுப்புரம்? ரிப்பேர்னா திரும்ப அங்கதான் ஓடணும். நான் கட்டித் தரேன்."

செந்தமிழன் மரியாதையாகத்தான் பேசினார். "நீ நல்லாதான் செய்வ தங்கச்சி. ஆனா கம்பெனியில நாலு மிஷின் இருக்குது, இன்ஜினியர் இருக்கறான். இங்க நீ ஒண்டியா. நடுவழியில நின்னா இன்னா பண்றது?"

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். ரோஸ்மேரிக்கு முகம் சிவந்துவிட்டது. நான் கோபக்காரன் என்று ஊர் சொல்கிறது, ஊருக்கு இவளைத் தெரியாது.

"ஒரு வண்டிக்குக் கட்டுறேன். வல்லம் போய் வரலாம், அனந்தபுரம் போய் வரலாம், கடைசியா கோட்டை மேடு ஏறலாம். எல்லாம் ஒரே சார்ஜுல. நடுவழியில நின்னுச்சுன்னா எங்க கடை போர்டைக் கழட்டிடறேன். அப்பறம் பேட்டரின்ற பேச்சே எடுக்க மாட்டேன்."

போர்டில் இருப்பது யார் பெயர்? 'காஸ்பர் பேட்டரி ஒர்க்ஸ்'. என் பெயரை வைத்து இவள் பந்தயம் கட்டுகிறாள்! வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். "யாரைக் கேட்டு என் போர்டு மேல சத்தியம் பண்ண?"

"நிக்காது. எதுக்குக் கத்துறீங்க?" என்றாள். அவ்வளவுதான் பதில்.

பச்சைமுத்துவின் வண்டிக்குத்தான் கட்டினாள். பதினாறு செல். ஒவ்வொன்றையும் மூன்று நாள் வைத்துப் பார்த்தாள், அளவு குறித்தாள், இரண்டைத் திருப்பி அனுப்பி வேறு வாங்கினாள். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே அட்டை வைத்தாள், வண்டி குலுங்கினால் உரசக்கூடாதாம். ஒரு போல்ட்டை மூன்று தடவை முறுக்கிப் பார்க்கிறவளை அப்போதுதான் பார்த்தேன். சார்ஜரும் புதிது, பழையதைத் தொடக்கூடாது என்று பச்சைமுத்துவிடம் சத்தியம் வாங்கினாள். நாலு ஆசிட் பேட்டரியை நான் இறக்கி, இந்த ஒரே பெட்டியை வைத்தபோது வண்டி ஒரு விரற்கடை மேலே எழும்பியது. பச்சைமுத்து, "இன்னாக்கா, காத்தா இருக்குது" என்றான்.

சோதனை நாளன்று காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். ஆட்டோவில் செந்தமிழனும், ஸ்டாண்டு ஆட்கள் இரண்டு பேரும், ரோஸ்மேரியும். நான் என் மொபெட்டில் பின்னால். வல்லம் போய்த் திரும்பினோம். வண்டி ஒரு இடத்திலும் மூச்சு வாங்கவில்லை. செஞ்சியைத் தாண்டி அனந்தபுரம் ரோட்டில் என் மொபெட்டையே முந்திக்கொண்டு போனது. பச்சைமுத்து திரும்பிப் பார்த்துக் கை காட்டினான்.

உள்ளதைச் சொல்கிறேன். பெருமையும் இருந்தது, வயிற்றெரிச்சலும் இருந்தது. இருபத்திரண்டு வருடம் நான் செய்ததெல்லாம் என்ன, ஒன்றுமே இல்லையா என்று தோன்றியது.

அனந்தபுரம் மார்க்கெட்டில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். நான் போகவில்லை, வண்டியோடு நின்றேன். சீட்டைத் தூக்கினேன். சும்மா பார்க்கத்தான். நீல நிறப் பெட்டி, அதில் இரண்டு டெர்மினல். இவ்வளவு தூரம் ஓடியிருக்கிறதே, இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கும்? மூளை யோசிப்பதற்குள் கை பைக்குப் போய்விட்டது. ஒயரை எடுத்து, ஒரே ஒரு உரசு. 'சட்'டென்று ஒரு பொறி, நல்ல நீலம். "ஜோரா இருக்குது" என்று நினைத்துக்கொண்டு சீட்டை மூடினேன்.

டீ குடித்துவிட்டு வந்தார்கள். பச்சைமுத்து சாவியைத் திருப்பினான். ஒன்றும் இல்லை. மீட்டர் எரியவில்லை, ஹாரன் இல்லை, லைட் இல்லை. மறுபடி திருப்பினான். பிணம் மாதிரி கிடந்தது.

"போச்சு" என்றார் ஒருவர்.

அந்த நொடியில்தான் எனக்கு வாட்ச்மேன் ஞாபகம் வந்தது. ஷார்ட் ஆனால் கேட்டை மூடுவான். நான்தான் ஷார்ட் பண்ணினேன்.

ரோஸ்மேரி பதறவில்லை. வளையலைக் கழற்றினாள், பெட்டியைத் திறந்தாள், மீட்டரை எடுத்தாள். பதினாறு செல்லையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். "பதினாறும் உயிரோட இருக்குது. வாட்ச்மேன்தான் கேட்டை மூடியிருக்கறான்."

"அப்ப திறக்கச் சொல்லும்மா" என்றார் செந்தமிழன்.

"திறக்கலாம், ஒரு நொடி வேலை. ஆனா காரணம் இல்லாம அவன் மூட மாட்டான். யாராவது கை வெச்சீங்களா?"

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "நாங்க டீக்கடையில இருந்தோம்" என்றான் பச்சைமுத்து. அவள் என்னைப் பார்த்தாள். நான் மார்க்கெட்டில் குவித்திருந்த கத்தரிக்காயைப் பார்த்தேன்.

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. வாயைத் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. இருபத்திரண்டு வருட பேட்டரிக்காரன் ஒரு துண்டு ஒயரால் மாட்டிக்கொண்டான் என்று ஸ்டாண்டு முழுக்கச் சிரிக்குமே என்று பயம். அது மட்டும் இல்லை. உள்ளே எங்கோ ஒரு மூலையில் சின்னதாக ஒரு சந்தோஷம். லித்தியமும் நிற்கும்தான் போல என்று. தூ! என்ன மனுஷன் நான்.

ரோஸ்மேரி பெட்டிக்குள் ஒவ்வொரு இணைப்பாக இழுத்துப் பார்த்தாள். கால் மணி நேரம். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது. பிறகு எழுந்து, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணே, காரணம் தெரியல. காரணம் தெரியாம நான் இதை எழுப்பி ஓட்டச் சொல்ல மாட்டேன். ஆளுங்க உக்கார்ற வண்டி, உள்ள தப்பு இருந்தா யாரு பதில் சொல்றது? என் வேலையிலதான் ஏதோ குறை. நடுவழியில வண்டி நின்னுடுச்சு. போர்டைக் கழட்டிடறேன்."

குரல் உடையவில்லை. கழற்றிய வளையலைத் திரும்ப மாட்டப் பார்த்தாள், இரண்டு தடவையும் அது ஏறவில்லை. அதைப் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நான்தான்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். பையிலிருந்து ஒயரை எடுத்துக் காட்டினேன். "நான்தான் உரசிப் பார்த்தேன். பழக்கதோஷம். அவ மேல ஒரு தப்பும் இல்ல."

ரோஸ்மேரி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் அதைவிட மோசம் அடுத்து நடந்தது. செந்தமிழன் என் தோளில் கையைப் போட்டு, "காஸ்பரு, பொண்டாட்டி தோக்கறத பார்த்துக்கினு சும்மா இருக்க யாருக்குத்தான் மனசு வரும்? நானா இருந்தாலும் இந்தப் பொய்ய சொல்லியிருப்பேன்" என்றார்.

கேட்டீர்களா கூத்தை! வாழ்க்கையில் ஊரறிய ஒரு உண்மையைச் சொல்கிறேன், நம்பமாட்டேன் என்கிறார்கள். நான் கத்தினேன், சத்தியம் செய்தேன். கத்தக் கத்த அவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

ரோஸ்மேரி என் கையிலிருந்து ஒயரைப் பிடுங்கினாள்.

"இப்ப காரணம் கிடைச்சுடுச்சு" என்றாள். குனிந்து, பெட்டிக்குள் வாட்ச்மேன் போர்டில் இரண்டு இடத்தை அந்த ஒயரால் தொட்டு எடுத்தாள். "பச்சைமுத்து, சாவி போடு."

மீட்டர் எரிந்தது. மார்க்கெட்டில் கூடியிருந்த கூட்டம் 'ஓ' என்றது. செந்தமிழன் வாயைத் திறப்பதற்குள் அவள் ஒயரை அவரிடம் நீட்டினாள்.

"இவர் பொய் சொல்றாருன்னுதான சொன்னீங்க? வண்டி இப்ப உயிரோட இருக்குது. நீங்களே உங்க கையால உரசுங்கண்ணே. இவர் சொன்ன மாதிரி சாவுதா இல்லியான்னு பாருங்க. அதுக்கு முன்ன மோதிரத்தைக் கழட்டுங்க."

செந்தமிழன் விரலில் பச்சைக்கல் மோதிரம். பல வருடமாகக் கழற்றாதது, வருவேனா என்றது. டீக்கடையில் சோப்பு வாங்கி வந்து, பாத்திரம் கழுவும் வாளியில் கையை விட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். கத்தரிக்காய்க்காரம்மா வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து, "எண்ணெய் தடவுங்கய்யா" என்று யோசனை சொன்னாள். ஒருவழியாக மோதிரம் வந்தது. அப்புறம் கை உலரத் துடைத்தீர்களா, நன்றாகத் துடைத்தீர்களா என்று ரோஸ்மேரி இரண்டு தடவை கேட்டாள்.

அவர் ஒயரை வைத்தார். 'சட்'. நீலப் பொறி. மீட்டர் அணைந்தது. வண்டி செத்தது, அச்சு அசலாக முன்பு செத்த மாதிரியே.

ரோஸ்மேரி ஒயரை வாங்கி, உள்ளே தொட்டாள். மீட்டர் எரிந்தது. "இது நின்னு போன பேட்டரி இல்ல. உங்களைக் காப்பாத்துன பேட்டரி. இதே ஷார்ட்டு ஆசிட் பேட்டரியில விடாம பிடிச்சிருந்தா ஒயரு பழுத்து சீட்டு எரிஞ்சிருக்கும். இவரைக் கேளுங்க, ரெண்டு தடவை இவர் புருவமே எரிஞ்சிருக்குது." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "யாரும் வீட்ல இப்படி உரசிப் பார்க்கக்கூடாது, சொல்லிட்டேன்" என்று அதட்டினாள்.

நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். அவமானமாகத்தான் இருந்திருக்க வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், நெஞ்சு விம்மிப்போயிருந்தது. இவள் என் பெண்டாட்டி என்று அந்த மார்க்கெட்டில் இருந்த ஒவ்வொருவரையும் பிடித்துச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. கத்தரிக்காய்க்காரம்மாவிடம் சொல்லியும் விட்டேன். "தெரியுது, தெரியுது" என்றாள் அவள்.

அங்கிருந்து செஞ்சிக்குத் திரும்பி, நிற்காமல் திருவண்ணாமலை ரோட்டில் கோட்டைக்குப் போனோம். மேட்டில் யாரும் இறங்கவில்லை, யாரும் தள்ளவில்லை. மேலே போய் நின்றபோது பேட்டரியில் கால்வாசிக்கு மேல் பாக்கி. பச்சைமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டான், தூசு என்றான். செந்தமிழன் மோதிரத்தைச் சட்டைப் பையில் போட்டபடி, "எட்டு வண்டியும் உன்கிட்டதான் தங்கச்சி. போர்டு பேச்செல்லாம் விட்டுரு" என்றார்.

மறுநாள் காலை நான் ஏணியை எடுத்துக் கடை வாசலில் சாத்தினேன். ஸ்பேனரோடு ஏறினேன். உள்ளேயிருந்து ரோஸ்மேரி ஓடிவந்தாள்.

"இன்னாங்க பண்றீங்க? இறங்குங்க! அவங்கதான் விட்டுட்டாங்கல்ல?"

"வண்டி நடுவழியில நின்னுதா இல்லியா?"

"நின்னுது, ஆனா..."

"நின்னா போர்டைக் கழட்டறேன்னு சொன்னியா இல்லியா? நிறுத்துனது நான். என் பேர்தான் இறங்கணும்."

போல்ட் எல்லாம் துருப்பிடித்திருந்தது. அரைமணி நேரம் மல்லுக்கட்டி இறக்கினேன்.

ஒன்பது நாள் போர்டு இல்லாமல் கடை ஓடியது. வியாபாரம் படுத்துவிடும் என்று நினைத்தேன். வந்துகொண்டே இருந்தார்கள். திண்டிவனத்திலிருந்துகூட ஒருவர் வந்தார். பஜாரில் ஒவ்வொரு கடையாக ஏறி, "ரோஸ்மேரி அக்கா பேட்டரி கடை எதுங்க?" என்று கேட்டுக்கொண்டு வந்தாராம். காஸ்பர் கடை எது என்று ஒருவரும் கேட்கவில்லை. முன்பு என்றால் எனக்கு மூக்கு விடைத்திருக்கும். இப்போது நானே வாசலில் நின்று, "இதான், வாங்க" என்று கூப்பிட்டேன்.

பத்தாம் நாள் பெயிண்டர் நசுருதீன் புதுப் போர்டைக் கொண்டுவந்து மாட்டினார். அவளுக்குத் தெரியாமல் சொல்லி வைத்திருந்தேன். மஞ்சள் பின்னணியில் நீல எழுத்து: 'ரோஸ்மேரி பேட்டரி ஒர்க்ஸ்'. அவள் ரோட்டில் இறங்கி, போகிற பஸ்ஸுக்கு வழி விடாமல், அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். டிரைவர் ஹாரன் அடித்தார். அவளுக்குக் காதில் விழவில்லை.

"உங்க பேரு எங்க?" என்று கேட்டாள் கடைசியில், மூக்கை உறிஞ்சியபடி.

"கீழ பாரு. போன் நம்பருக்குப் பக்கத்துல."

அங்கே சின்ன எழுத்தில் 'ஆசிட் பேட்டரிக்கு காஸ்பர்' என்று இருந்தது. படித்துவிட்டுச் சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாக. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

இன்றைக்குச் செஞ்சியில் பதினொரு பேட்டரி ஆட்டோக்கள் அவள் கட்டிய பேட்டரியில் ஓடுகின்றன. அன்றைக்குப் பிறகு ஒன்றுகூட நடுவழியில் நின்றதில்லை. என் ஒயர் அவள் மேசைக்கு மேல் ஆணியில் தொங்குகிறது, திருப்பித் தர மாட்டேன் என்கிறாள். ஆசிட் வேலை முடித்து நான் அந்த மேசைப் பக்கம் போனால், எத்தனை கஸ்டமர் நின்றாலும், கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள்.

"பையைக் காட்டுங்க."

நான் காட்டுவேன்.